ஆடத் தகுதியானவர்

மழை பெய்த மைதானத்தில் இறங்கும்போது நான் எப்போதும் இரண்டு ஜோடி காலுறை போடுவேன், அர்த்தநாரி சார். கால் நனைந்தால் எனக்குச் சளி பிடித்துவிடும். உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவன் நான்.

விதியில் ஓட்டை இருந்துவிட்டது என்று வந்து அழுகிறீர்கள். டோர்னமென்ட் கமிட்டிச் செயலாளர் அழக் கூடாது. எழுபத்து நாலில் நீங்கள் டைப் அடித்து ஆறு எஸ்டேட்டிலும் ஒட்டிய விதி நல்ல விதிதான். எதிராளியின் தலையில் முழங்கையால் இடித்தவன் வெளியே போக வேண்டும். அடிபட்டவன் கம்பவுண்டரிடம் சீட்டு வாங்காமல் அடுத்த ஆட்டத்தில் இறங்கக் கூடாது. மேல் எஸ்டேட், கீழ் எஸ்டேட் இரண்டுக்கும் ஒரே டிஸ்பென்சரி, ஒரே கம்பவுண்டர். அந்தக் கம்பவுண்டர் கபிரியேலாகிய நான்தான் கீழ் எஸ்டேட் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரன் என்பது உங்கள் கமிட்டியில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. வடையும் டீயும் வைத்து நடத்துகிற கூட்டத்தில் வேறென்ன நடக்கும்?

மேல் எஸ்டேட் ஏசுரத்தினம் அரையிறுதியில் கோல் கம்பத்தில் தலை மோதி விழுந்தான். மறுநாள் அவன் மனைவி ஞானஜோதி அவனை என்னிடம் கூட்டிவந்தாள்.

"அண்ணே, நேத்துல இருந்து மூணு வாட்டி வாந்தி எடுத்துட்டாக. வெளிச்சத்தப் பாத்தாலே கண்ண மூடிக்கிறாக. ஆட வேணாம்னு எழுதிக் குடுங்கண்ணே. நான் சொன்னா கேக்க மாட்டாக."

அவன் சிரித்தான். "அவ கெடக்கா. ஞாயித்துக்கெழம நான் இல்லாம ஃபைனலா? நல்லா எழுதுங்க, கபிரியேலு."

'ஆடத் தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஞானஜோதி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஐந்து வருடமாக அவன் என் கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு போனான். ஜனங்கள் சிரித்தார்கள். என் மனைவி செபமாலையம்மாளும் ஒருமுறை சிரித்தாள். அதற்காகத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவ்வளவு சின்ன மனிதன் அல்ல.

இறுதியாட்டத்தின் இரண்டாம் பாதியில் ஒரு உயரப் பந்து வந்தது. இருவரும் எம்பினோம். என் முழங்கை அவன் தலையில் பட்டது. நடுவர் பழனிச்சாமி உடனே விசில் ஊதி என்னை வெளியேற்றினார். பார்த்தீர்களா, உங்கள் விதி ஒழுங்காக வேலை செய்தது. ஏசுரத்தினம் எழுந்து இரண்டு நிமிடம் ஓடினான். அப்புறம் மண்டியிட்டான். அப்படியே சாய்ந்தான்.

கம்பவுண்டரைக் கூப்பிடு என்று கத்தினார்கள். மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு நானே உள்ளே ஓடினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன ஜீப்பில் அவன் தலை ஞானஜோதியின் மடியில் இருந்தது. "எழுதாம இருந்திருக்கலாமேண்ணே" என்று மட்டும் கேட்டாள். மூன்றாவது வளைவு தாண்டுவதற்குள் அவன் மூச்சு நின்றுவிட்டது.

இப்போது புது விதி எழுதித்தர என்னையே கேட்கிறீர்கள். இனி பெரிய டாக்டர் கையெழுத்து வேண்டுமா என்கிறீர்கள். காகிதத்தை வீணாக்காதீர்கள், சார். அவன் ஆடத் தகுதியானவன் அல்ல என்று சீட்டு எழுதும்போதே எனக்குத் தெரியும். எந்த இடத்தில் அதிகம் வலிக்கிறது என்று அன்று இரண்டு தடவை கேட்டேன். இடது காதுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினான். அங்கேதான் அடித்தேன், ஒரே ஒரு தடவை. கண்ட இடத்தில் அடித்திருந்தால் அதற்குப் பெயர் முரட்டு ஆட்டம். நான் ஒருநாளும் முரட்டு ஆட்டம் ஆடியதில்லை.