கன்னத்தின் நிழல்

ஆறு மணிக்கு எழுந்துவிடுவேன். பால் காய்ச்சுவேன். பென்சில்களைச் சீவி வைப்பேன். என் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைப்பேன். ஏழரைக்கு வெயில் அவள் இடது கன்னத்துக்கு வரும். அதற்குள் மாத்திரை கொடுத்துவிடுவேன். ஒருநாளும் தவறியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கண்காட்சிக்கு நான் வரைந்து அனுப்பிய அவள் உருவப்படங்கள் மூன்று முறை திரும்பி வந்தன. முகம் காகிதத்தோடு ஒட்டிக் கிடக்கிறது என்றார்கள். உண்மைதான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை ஒரு முகத்தில் ஒன்பது படிகள் தெரிய வேண்டும். அவள் முகத்தில் நான்குதான் தெரிந்தன. நோய்க்குக் கொடுத்த மாத்திரையால் முகம் ஊதி, கன்ன எலும்பே காணாமல் போயிருந்தது. பூசணிக்காயை வரைய எதுக்குடா இத்தனை பென்சில் என்று அவளே சிரிப்பாள்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் நிறுத்தவில்லை. மாற்றினேன். அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை கிடைத்தது. அதைப் பழைய டப்பாவில் போட்டேன். உண்மையான மாத்திரைகளைப் பென்சில் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். நான்கு வாரம்தான் என்று நினைத்தேன்.

இரண்டாம் வாரம் வீக்கம் வடிந்தது. பார்க்க வந்த மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணோட பழைய முகத்த மீட்டுக் குடுத்துட்டீங்க மாப்பிள்ளை" என்றார். மூன்றாம் வாரம் அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்தேன். கன்னத்துக்குக் கீழே ஏழாம் படி வந்தது. கண்குழியில் எட்டு. ஒன்று மட்டும் பாக்கி.

நான் கொல்ல நினைக்கவில்லை. அவள் முகத்தை அவளுக்கே திருப்பிக் கொடுக்க நினைத்தேன். படம் இந்த முறை தேர்வாகிவிட்டது.

அவளுக்கு எதுவும் தெரியாது என்று நேற்று உங்களிடம் வாக்குமூலத்தில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். அவள் இறந்தது மதியம். அன்று காலை வழக்கம்போல மாத்திரையை அவள் நாக்கில் வைத்தேன். தண்ணீரோடு விழுங்கினாள். வெயில் வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. பென்சில் பெட்டி என் மடியில் திறந்தே இருந்தது.

"மூணு வாரமா மாத்திரை கசக்கவே இல்லடா," என்றாள். "படம் முடிஞ்சதும் பழசக் குடுத்துடு."