விலகிப் போகும் புள்ளி

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது எங்கள் துறையின் வழக்கம். அந்த ஏசிக் குளிர் என் முழங்காலுக்கு ஆகாது. ஆனாலும் தொண்ணூற்றைந்தில் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து தினமும் போகிறேன்.

திரையில் புள்ளிகளை அலையவிட்டிருந்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆராய்ச்சியாளர். ஒரு வழியில் பலன் தெரிந்தால் எல்லாப் புள்ளிகளும் அங்கேயே போய்க் கூடிவிடும். மற்ற வழிகளை யாரும் பார்ப்பதில்லை. ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லாமல் தாமதித்தால், சில புள்ளிகள் விலகி நின்று தேடும். கடைசியில் கூட்டத்துக்கே அது நல்லதாக முடியும். எத்தனை முறை ஓட்டினாலும் அதுதான் வந்தது, ஐயா.

அதை எங்கள் பாம்புவிஷ ஆராய்ச்சிக்குப் பொருத்தினேன். சக ஆராய்ச்சியாளர் தில்லைநாயகமும் மற்றவர்களும் விஷமுறிவு ஊசிமருந்து வேலையில் இருந்தார்கள். மாணவி பிருந்தாவை மட்டும் மாஞ்சோலை மலைக்கு அனுப்பினேன். பாம்புக்கடிக்கு அங்கே ஓர் இலையை அரைத்துக் கொடுப்பார்கள். அவள் பறித்து அனுப்பியதை இங்கே விஷம் ஏற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் தில்லைநாயகம்.

ஒருநாள் தில்லைநாயகம் வந்தார்.

"மேடம், அந்த இலைச்சாறு சுத்தமாக் கேக்கல. குடுத்த எலியெல்லாம் செத்துக் கெடக்கு. பிருந்தாகிட்ட சொல்லிருதேன்."

"இப்போ வேண்டாம். சொன்னா அவளும் உங்க பின்னாலதான் வருவா."

"வராம? செத்த எலிக்குத் தாலாட்டுப் பாடவா சொல்லுதீய?"

"பைய சொல்லலாம்."

துறைத்தலைவி நான். என் பேச்சை மீறி அவர் பிருந்தாவிடம் சொல்லவில்லை.

மறுவாரம் பிருந்தா மலையிலிருந்து இறங்கி வந்தாள்.

"மேடம், என் இலை என்ன சொல்லுது?"

"நல்லாத்தான் சொல்லுது. இன்னும் கொஞ்சம் பறிச்சுட்டு வா."

"தில்லைநாயகம் சார் என்னைய தழை தின்னுத ஆட்டுக்குட்டிங்காவ. இனிமே சொல்லட்டும், பாத்துக்கிடுதேன்."

ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் கழற்றிய செருப்பு கம்ப்யூட்டர் அறை வாசலிலேயே கிடந்தது.

தேயிலைச் சரிவில் அவளை விரியன் கடித்தது. உடன் இருந்த எஸ்டேட்காரி பிரம்மநாயகி என்னிடம் சொன்னாள்:

"பஸ்சு நிக்கு, ஆஸ்பத்திரிக்கு ஏறும்மான்னு கையப் புடிச்சு இழுத்தேன். 'எங்க மேடமே சொல்லிட்டாவ, இது கேக்கும்க்கா'ன்னு சிரிச்சுக்கிட்டே அரைச்சுக் குடிச்சுதும்மா அந்தப் புள்ள."

அன்றைக்கு அதுதான் கடைசி பஸ்.

நான் அழுதேன். அந்தச் செருப்பை எடுக்க இன்னும் எனக்கு மனம் வரவில்லை. பாம்பு கொன்றது என்று ஊர் சொல்கிறது. இல்லை ஐயா, நான் மறைத்ததுதான் கொன்றது. உங்கள் விசாரணைக் குறிப்பில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது வேறொரு வேருக்காக மீனு மலையில் இருக்கிறாள். கெட்டிக்காரப் பெண். அந்த வேர்ச்சாறு கொடுத்த எலிகள் நேற்றே செத்துவிட்டன. அவளிடம் சொல்லத்தான் போகிறேன். அவசரப்பட்டால் கணக்குக் கெட்டுவிடும்.