சக்கரம் மடித்த விமானம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ். முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பியின் மடியில் ஒரு செருப்பு டப்பா.

"போன தபா நீ செஞ்சி குடுத்த சண்ட விமானத்த பாத்துட்டு, 'இது இன்னும் வர்லயே, மேலயே கீது'ன்னிட்டாரு நைனா," என்றாள் அக்கா.

பின் சீட்டில் இருந்த நான் அங்கேதான் காது கொடுத்தேன்.

"சோறு போட்டா வேணாம்னிட்டாரு," என்று அவளே தொடர்ந்தாள்.

"நான் இன்னாத்த கண்டேன்க்கா? மெட்ராஸ்ல வாங்கன பிளாஸ்டிக் பார்ட்டுங்க. உப்புத்தாள் போட்டு தேச்சி, ஒட்டி, பெயிண்ட் அடிச்சேன். பறக்கற மாதிரி இருந்தா அழகா இருக்கும்னு சக்கரத்த உள்ள மடிச்சிட்டேன்."

"யுத்தத்துல அவுரு அத ஓட்னாராடா? ஏர்போர்ஸ்ல ரிப்பேர் பாத்து அனுப்பிட்டு கீழ நின்னுக்கினு இருந்தவரு. அது திரும்பி வந்து எறங்கற வரைக்கும் துன்ன மாட்டாராம். நாம பள்ளிக்கொடத்துலருந்து வர லேட்டானா என்னிக்காச்சும் தட்ட தொட்டிருக்காரா?"

தம்பி டப்பாவைத் திறந்து காட்டினான். பச்சையும் மண் நிறமுமாக அதே சின்ன விமானம். வயிற்றைக் கீறி, சக்கரங்களைக் கீழே இறக்கி ஒட்டியிருந்தான். கீறிய இடத்தில் பசை கொஞ்சம் வழிந்திருந்தது.

அக்கா ஒரு சக்கரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எறங்கிச்சி," என்றாள். "இன்னிக்கி சாப்டுவாரு."