நடைபாதைக்கு வந்த மேசை

மேடையில் அமர்ந்திருக்கும் கண்காணிப்பாளர் அவர்களே, மருத்துவர்களே, செவிலியர்களே, தாயை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகளே, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

குழந்தைகள் பிரிவின் தலைவர், நம் பெரிய டாக்டரம்மா மறைந்துவிட்டார். அவரோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவன், நிறையச் சண்டை போட்டவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

முன்பெல்லாம் எங்கள் பிரிவில் எல்லாப் பரிசோதனையும் பொதுக்கூடத்தில்தான். ஒருநாள் சிறுநீர் போக முடியாத வலியோடு ஒரு பையன் வந்தான். ஏழு வயது இருக்கும். கட்டிலைச் சுற்றி மாணவர்கள் நின்றார்கள். பையன் கால்சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"சின்னப் பையனுக்கு என்ன வெக்கம்? கைய எடுடா," என்று தாய் அதட்டினார்.

"விடும்மா. அவன் உடம்பு, அவன்கிட்ட கேப்போம்," என்றார் டாக்டரம்மா. பிறகு குனிந்து, "எங்க வலிக்குதுன்னு பாக்கணும். பாக்கலாமா கண்ணு?"

"இங்க வேணாம்."

அவனைத் தன் சொந்த அறைக்கு அழைத்துப் போனார். மாணவர்களை வெளியே நிறுத்தினார். யார் கூட இருக்கலாம் என்று அவனையே கேட்டார். அம்மா மட்டும் என்றான். செய்யப் போவதை முன்கூட்டியே சொன்னார். அவன் நிறுத்தச் சொன்னபோதெல்லாம் நிறுத்தினார்.

மறுநாள் அவர் மேசை நடைபாதைக்கு வந்துவிட்டது. அறை குழந்தைகளைப் பரிசோதிக்கப் போனது. கடைசிவரை அந்தக் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்தார். 'வாட்ச்மேன் டாக்டர்' என்று நாங்கள் பட்டம் கட்டிச் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கு நாம் என்ன செய்தோம்? இதே மருத்துவமனையில், தொண்டையில் குழாயோடு, பேச்சில்லாமல் கிடந்தார். நோயாளிகளைப் பார்க்க வந்த குழு, திரையைக்கூட இழுக்காமல் போர்வையை விலக்கியது.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார் மகள்.

"அவங்களால பேச முடியாதேம்மா," என்றார் ஒருவர். அவர் டாக்டரம்மாவிடம் படித்தவர்.

பேச முடியாதுதான். கண்ணிலிருந்து நீர் வழிந்ததே, அதை மகள் பார்த்தாரே! நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

அம்மா போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த அறையைப் புதிய தலைவருக்கு ஒதுக்கி உத்தரவு வந்துவிட்டது. குழந்தைகள் மறுபடியும் பொதுக்கூடத்துக்குப் போக வேண்டுமாம். இதுதான் நம் அஞ்சலியா?

கண்காணிப்பாளர் அவர்களே, அந்தப் புதிய தலைவர் நான்தான். இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். என் மேசை அந்த அறைக்குள் போகாது. நாளைக் காலை முதல் நான் நடைபாதையில் இருப்பேன். உள்ளே இருக்கும் பிள்ளையைக் கேட்காமல் கதவைத் திறக்க வருகிறவர், அது நீங்களே ஆனாலும், என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.