தூக்கு இல்லை என்று ஒரு கடிதம்

முதுகு சாய்க்க இடமுள்ள நாற்காலியாகப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள், ஐயா. நன்றி. முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பு மேசையில் குனிந்து கிடந்த முதுகு இது. ஸ்டூல் என்றால் அரை மணி நேரத்தில் முரண்டு பிடித்துவிடும். என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்பவர் நிதானமாகவே எழுதட்டும். எனக்கு இனி வேறு வேலை இல்லை.

எங்கள் பிரிவு நீதித் துறைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. வேறொரு நாட்டில் குற்றம் செய்துவிட்டு இங்கே வந்துவிட்டார் என்று ஒருவரை அந்த நாடு கேட்டால், கோப்பு எங்களிடம்தான் வரும். நான் அதை நம் மொழியில் எழுதுவேன். பக்கத்து மேசை அம்மா மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போடுவார். பிறகு முத்திரை. நீதிபதியும் வக்கீல்களும் முத்திரை விழுந்த தாள்களைத்தான் படிப்பார்கள். மூலம் பின்னால் நூலில் கட்டிக் கிடக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த அம்மாவைத் தயவுசெய்து குறை சொல்லாதீர்கள். அவருடைய மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மூன்று மாதம் அவருடைய கோப்புகளையும் சேர்த்து நானே முடித்துக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் என் தாளைப் படித்ததே கிடையாது. "நீங்க எழுதினதுல தப்புக் கண்டுபிடிச்சா எனக்குப் பதவி உயர்வா குடுக்கப் போறாங்க? கொண்டாங்க சார் இங்க" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். பிரிவு முழுக்க அப்படித்தான். நான் நல்லவன் என்பது அங்கே மேசை நாற்காலி மாதிரி ஒரு பழக்கப்பட்ட விஷயம்.

டிரைவருடைய கோப்பு சென்ற வருட ஆரம்பத்தில் வந்தது. வெளிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டியவர். அந்த வீட்டுப் பெண், பத்தொன்பது வயது, ஒரு மத்தியானம் பின்கட்டு அறையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தாள். அடுத்த வாரம் டிரைவர் விடுப்பில் ஊர் வந்தார். விடுப்பு முன்பே எழுதிக் கொடுத்தது. ஆனாலும் ஓடிவிட்டார் என்று அவர்கள் எழுதினார்கள். பெண்ணின் தகப்பனார் கொடுத்த வாக்குமூலமும் கோப்பில் இருந்தது. அதை மொழிபெயர்த்து முடித்ததும் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அந்த நாட்டில் தூக்கு உண்டு. தூக்கிலிட மாட்டோம் என்று எழுத்தில் உறுதி வராமல் ஆளை அனுப்பக் கூடாது என்பது நம் சட்டம். கெடு அறுபது நாள்; அதற்குள் உறுதி வராவிட்டால் ஆளை விட்டுவிட வேண்டும். ஐம்பத்திரண்டாம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். அப்படி உறுதி தரத் தங்கள் நாட்டில் எவருக்கும் அதிகாரம் இல்லை, வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நான் அதை, மரண தண்டனை விதிக்கப்படாது, விதிக்கப்பட்டாலும் நிறைவேற்றப்படாது என்று உறுதி அளிக்கிறோம் என எழுதினேன். மூலத்தில் ஒன்பது வரி. என்னுடையதிலும் ஒன்பது வரி. அம்மா கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது.

ஏன் என்று கேட்கிறீர்கள். எனக்கும் ஒரு மகள் இருந்தாள், ஐயா. இருபத்திரண்டு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளோடு வேலை பார்த்தவன் ஒருவன் அவளைக் கொன்றுவிட்டு மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டான். அவன் போன நாட்டுக்கும் அதே மொழிதான். அதைத் தவிர டிரைவரைக் கேட்ட நாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவனை அனுப்பச் சொல்லி நம் அரசாங்கம் கேட்டது. பதில் என் மேசைக்குத்தான் வந்தது. வேறு யாரிடமாவது கொடுக்கிறேன் என்றார் பிரிவு அதிகாரி. வேண்டாம் என்றேன். உங்கள் சிறைகளில் ஒரு மனிதனை அடைப்பது கொடுமை, எனவே அனுப்ப இயலாது. இதுதான் பதில். ஒரு வார்த்தை மாற்றாமல் மொழிபெயர்த்தேன். பதினொரு வருடம் ஆகிறது. அவன் அங்கே கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டியோடு இருக்கிறான் என்று கேள்வி.

அவர்கள் சொன்னது நியாயம்தான். நம் சிறைகளை நானே பார்த்திருக்கிறேன். டிரைவரிடம் காகிதங்களை விளக்க மூன்று தடவை போனேன். அவருக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியவில்லை. இரண்டாம் தடவை போகும்போது ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு போனேன். மாட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் சார் உங்க மூஞ்சியே தெரியுது. நல்ல மனுஷன் மூஞ்சிதான்" என்றார்.

மேல்முறையீட்டுக்குப் போனால் இன்னும் ஒரு வருடம் இழுக்கலாம் என்று அவருடைய வக்கீல் சொன்னார். டிரைவர் என்னைப் பார்த்தார்.

"தூக்கு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்கல்ல சார்?"

"கடிதத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்புறம் என்ன? பன்னெண்டு வருஷம் வண்டி ஓட்டுன ஊரு. கண்ணக் கட்டி விட்டாலும் போயிட்டு வந்துடுவேன். அந்தப் பாப்பா என்னை மாமான்னுதான் கூப்பிடும் சார். அவங்கப்பா எதிர்ல நின்னு, நான் பண்ணலைன்னு சொல்லிட்டு வந்துடுறேன்."

மேல்முறையீடு வேண்டாம் என்று அவரே கையெழுத்துப் போட்டார். நான் வாங்கித் தந்த கண்ணாடியோடுதான்.

அவருடைய மனைவி பொத்தான் தைக்கிறவள். செவ்வாய்க்கிழமைதோறும் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு எங்கள் வரவேற்பறைக்கு வருவாள். ஒரு நாள் என் மேசைவரை வந்தபோது, அதன் மேலிருந்த என் மகளின் படத்தைப் பார்த்துக் கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம், "உங்க பொண்ணுக்கும் சேத்துத்தான் அண்ணா வேண்டிக்கிட்டேன்" என்பாள். என் மகளுக்காக என்னைத் தவிர யாராவது வேண்டிக்கொண்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

டிரைவர் போய் ஏழு மாதம் ஆனபின், சென்ற செவ்வாய்க்கிழமை அவள் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். அங்கிருந்து தபாலில் வந்ததாம். இரண்டு சட்டை, ஒரு கண்ணாடி, ஒரு தாள். "எனக்கு இந்த எழுத்து தெரியாதே அண்ணா. இவர் துணியெல்லாம் எதுக்கு அனுப்பியிருக்காங்க? புதுசு குடுத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தாளை நீட்டினாள்.

அதை உள்ளபடியே படித்துச் சொன்னேன். நான்காம் தேதி காலை தண்டனை நிறைவேற்றப்பட்டது. உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. உடைமைகள் இத்துடன்.

அவள் சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். காலர் பொத்தான் ஒன்று இல்லாததை விரலால் தடவிப் பார்த்தாள். "தூக்கு இல்லன்னு எழுதியிருந்தாங்களே அண்ணா. நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். தாளைத் திருப்பிக் கொடுக்காமல் முதல் வரியையே மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய், மூலையிலிருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"குடிங்க அண்ணா. உங்க பொண்ணு நெனப்பு வந்துடுச்சா? நீங்க என்ன பண்ணுவீங்க, அவங்க வாக்குத் தவறிட்டாங்க."

அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன், ஐயா. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நானாகத்தான் உங்களிடம் வந்தேன். அவள் திட்டியிருந்தால் வந்திருக்க மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. கோப்பில் அறுபத்தொன்றாம் பக்கத்துக்கு மொழிபெயர்ப்பு இருக்காது. ஒரே மாதிரியான இணைப்புகளை 'மேற்படி' என்று குறித்து விட்டுவிடுவது எங்கள் வழக்கம். அதையும் அப்படித்தான் விட்டேன். அது ஒரு டயர் கடைக்காரர் கொடுத்த வாக்குமூலம். அன்று இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை டிரைவர் தன் கடையில்தான் உட்கார்ந்திருந்தார் என்கிறார். கடை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெண் இறந்தது மூன்றரை மணிக்கு. அவர் பொய் சொல்லக் காரணமே இல்லை. உறுதிக் கடிதம் கேட்டு நாங்கள் எழுதுவதற்கு முன்பே அதைப் படித்துவிட்டேன். ஆகவே டிரைவர் அதைச் செய்யவில்லை என்று எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும்.

ஆளை அனுப்பி வைக்கிறோம் என்று அந்தப் பெண்ணின் தகப்பனாருக்குப் போன கடிதத்தையும் அவருடைய மொழியில் நான்தான் எழுதினேன். நல்ல தாளில், நிறுத்தி நிதானமாக எழுதினேன். அவர் அதைப் பிரிக்கும்போது எப்படி இருந்திருப்பார் என்று அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். ஒரு தகப்பனுக்காவது அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததே என்று இன்றைக்குக் காலையிலும் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான், ஐயா, இங்கே வந்தேன்.