அலெய்டாவின் தவக்காலப் புத்தகம்

அவைக்குத் தலைமை ஏற்று, என் நேரத்தைக் குறைக்கலாமா என்று இப்போதே மணியைத் தடவிப் பார்க்கும் தலைவர் அவர்களே! ஈய எழுத்துகளை உற்றுப் பார்த்தே கண்ணாடிக்குத் தடிமன் ஏற்றிக்கொண்ட பெரியோர்களே! வீட்டில் புத்தகம் வைக்க இடமில்லை என்று சொல்லிக்கொண்டே இன்றும் பை நிறைய வாங்கியிருக்கும் தாய்மார்களே! தெவென்டர் நகரத்து அச்சர்களே, பதிப்பாளர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதல் அச்சர்களின் பெருமையைப் பேசச் சொன்னீர்கள். பெருமையைப் பேச ஆயிரம் பேர் உண்டு. அவர்களின் பிழையைப் பேச யார் உண்டு? நான் உண்டு! பின்வரிசையில் ஒருவர் நெளிகிறார். அஞ்சாதீர்கள் ஐயா, உங்கள் பதிப்பகத்துக்கு இன்னும் வரவில்லை.

நம் அச்சகங்களில் வாய்வழியாக வந்த கதை இது. கதையாகவே கேளுங்கள். ஐசெல் ஆற்றங்கரையில் அலெய்டா என்றொரு கைம்பெண், கணவன் விட்டுப்போன அச்சுக்கூடத்தை நடத்தினாள். அச்சர் சங்கத்தின் விதி கடுமையானது: கைம்பெண் தொழில் செய்யலாம், வேலையில் பெரும்பிழை வந்தால் அச்சுக்கூடம் சங்கத் தலைவர் கைக்குப் போய்விடும். அந்தத் தலைவர் யார்? அவளுக்கு அடுத்த தெருவில் அச்சுக்கூடம் வைத்திருந்த லம்பெர்ட்! பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்றா நினைத்தீர்கள்?

கிறிஸ்தவர்கள் இறைச்சி விலக்கி நோன்பிருக்கும் தவக்காலம் ஒன்றில் அலெய்டா இரண்டு நூல்களை ஒன்றாக அச்சிட்டாள். ஒன்று, பெருந்தீனியைக் கண்டித்துப் பாதிரியார் கெரிட் எழுதிய பிரசங்கம். மற்றொன்று, சமையல் நூல். ஒரே அளவுத் தாள், ஒரே எழுத்து, ஒரே பரணில் உலர்த்தல், ஒரே பீப்பாயில் அடைத்தல். புத்தகம் கட்டும் யோசுக்கு வாசிக்கத் தெரியாது. தாளின் அடியில் இருக்கும் ஏ, பி, சி வரிசை மட்டும் தெரியும். ஏ தாளைப் பிரசங்கத்தில் எடுத்தான், பி தாளைச் சமையலில் எடுத்தான். வரிசை சரி, வந்தது வினை!

ஞாயிற்றுக்கிழமை. புதுப் புத்தகத்தோடு மேடையேறிய பாதிரியார் முழங்கினார்: “பெருந்தீனிக்காரனே, இறுதி நாளில் உனக்கு என்ன நேரும் தெரியுமா?” பக்கத்தைப் புரட்டினார். “தலையை நறுக்கு. தோலை உரி. வயிற்றைக் கீறிக் குடலை எடு. காடியில் கழுவு. வெண்ணெய் தடவி, இருபுறமும் சிவக்கும்வரை நெருப்பில் திருப்பு.”

கோயிலே நடுங்கியது! நரகத்தை இப்படிக் கண்முன் நிறுத்தியவர் யார்? ஆண்கள் அழுதார்கள். அடுத்த வரியையும் அவர் வாசித்துவிட்டார்: “பரிமாறும்போது ஜாதிக்காய்த் தூள் தூவு.”

மீன்காரி ஒருத்தி வெளியே வந்ததும் பாதிரியாரை மடக்கினாள். “சாமி, எல்லாம் சரி. விலாங்கு மீனுக்கு ஜாதிக்காய் எவ்வளவு போடணும்னு சொல்லலியே?”

அன்று மாலைக்குள் புத்தகம் சந்தையில் இல்லை. பிரசங்கம் வாங்காதவன் வாங்கினான். சமைக்கத் தெரியாதவன் வாங்கினான். ஊரே சிரித்தது. லம்பெர்ட் மட்டும் சிரிக்கவில்லை. சில வாரங்கள் பொறுத்திருந்து, சங்கத்தைக் கூட்டி, அவளை விசாரணைக்கு நிறுத்தினார்.

“ஏம்மா அலெய்டா, ஒரு பெரிய தப்பு போதும்னு விதி இருக்கு. சாவியக் குடுத்துட்டுப் போறியா, நாங்க வந்து எடுக்கட்டுமா?”

அவள் மறுத்தாளா? புத்தகம் கட்டியவன்மேல் பழி போட்டாளா? இல்லை! “தப்பு என்னோடதுதான் தலைவரே. பீப்பாய அடைச்சது நான். ஊருல இருக்குற அந்தப் புத்தகத்தை எல்லாம் இந்த மேசைக்குக் கொண்டாரச் சொல்லுங்க. என் தப்ப நானே வாங்கிக்கிட்டு, சாவியத் தந்துடறேன்.”

ஊரார் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து குவித்தார்கள். திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் தந்தாள் மீன்காரி. அலெய்டா ஒவ்வொன்றாக, அச்சர் பெயர் போடும் கடைசிப் பக்கத்தைப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தாள்.

“இதுல எல்லாம் என் பேரு இருக்கு. என் பிள்ளைங்க. அந்தப் பக்கம் இருக்குறதுல பேரே இல்லியே, அதெல்லாம் யாரு பெத்தது?”

சங்கத்துப் பெரியவர் ஒருவர் பெயரில்லாத புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தார். தொடக்க எழுத்தைச் சுற்றி, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட தேவதை. அதன் மூக்கில் வெள்ளைப் புள்ளி: கட்டையைப் புழு அரித்த துளை. முகத்தை மறந்தாலும் அச்சர் அடுத்தவன் கட்டையின் புழுத்துளையை மறப்பாரா? அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. பெரியவர் கேட்டார்:

“லம்பெர்ட்டு, உங்க வீட்டுப் புழு இந்தப் புத்தகத்துக்குள்ள எப்படிப்பா வந்துச்சு?”

எப்படி வந்தது? விற்பதைக் கண்டதும், வரிக்கு வரி, விலாங்குக்கு விலாங்கு, பிழையையும் சேர்த்தே திருட்டுத்தனமாக அச்சிட்டுவிட்டார்! போட்டிக்கு அவள் இருக்கக்கூடாது என்றுதான் இந்த வழக்கு. பெரும்பிழை அச்சிட்டவர் அச்சுக்கூடத்தை இழக்க வேண்டும் என்றால் இப்போது யார் யார் இழப்பது? தலைவர் வழக்கைத் திரும்பப் பெற்றார். சங்கம் தலைவர் பதவியைத் திரும்பப் பெற்றது.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலெய்டா வீடு போனாள். மறுவாரமே அந்தக் கலப்புப் புத்தகத்தை, கேட்டவர்களுக்காக, மீண்டும் அச்சில் ஏற்றினாள். கடைசிப் பக்கத்தில் அவள் கோத்த வரி: “இதிலுள்ள பிழைகள் தெவென்டர் அலெய்டாவுடையவை. வேறு எவரும் உரிமை கொண்டாட வேண்டாம்.”

அச்சர்களே! பிழையற்ற பக்கம் நம்மில் யாருக்கு வாய்த்தது? எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் அச்சிட்ட பக்கத்தின் அடியில் பெயர் போடக் கை நடுங்குகிறதா? நடுங்கட்டும், நடுங்கிக்கொண்டே போடுங்கள்! பாராட்டு வந்தாலும் பழி வந்தாலும் எந்தக் கதவைத் தட்டுவது என்று படிப்பவருக்குத் தெரியட்டும்!

மணியடிக்காமல் என்னைப் பொறுத்த தலைவருக்கும், அடித்திருந்தாலும் காதில் விழாத அளவுக்குச் சிரித்த உங்களுக்கும் நன்றி. வாழிய நும் அச்சு, வணக்கம்.