சந்தனம் பூசிய பெல்ட்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். தங்கள் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு இலுப்பூர் பஸ்ஸில் ஏறி, எனக்கு முன்சீட்டில் வந்த புருஷன் பெண்டாட்டி பேசியது இது.

“ஆயுத பூசைக்கு இஞ்சின் பெல்ட்டுக்குமாடி சந்தனம் பூசுவ? வண்டிய வளைக்கையில கத்துதேன்னு நான் பவர் ஸ்டியரிங்கையே மாத்தச் சொல்லிட்டேன்.”

“ஒண்ணு விடாமப் பூசுன்னு சொன்னது நீங்கதானங்க.”

“ஸ்டியரிங்குல ஒண்ணுமில்ல, சந்தனம் காஞ்சு பெல்ட்டு வழுக்கித்தான் கத்துதுன்னு மெக்கானிக்கு சிரிக்கிறாரு.”

“சிரிக்கட்டும். நாளைக்கு மகளப் பிரசவத்துக்குத் திருச்சிக்குக் கூட்டிப் போகணும். வண்டி வந்துருமா?”

“சாயந்தரம் புதுப் பெல்ட் போட்டுத் தாரேன்னாரு. பழசு முன்னமே தேஞ்சு வெடிப்பு விட்டிருக்காம். கத்தலேன்னா தெரிஞ்சிருக்காது, நாளைக்கு நடுவழியில அறுந்திருக்கும்.”

“அப்ப அடுத்த வருசமும் பூசவா?”

அவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

பேத்தியே, அந்தக் கடைசிக் கேள்வியை அவள் சிரிக்காமல்தான் கேட்டாள். நான் எழுதினதில் அது தெரிகிறதா என்று வாசித்துச் சொல்லு.